செய்கிற கையும் கணக்கெழுதுகிற கையும்

(தருமபுரி மாவட்டத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் புதுமாதிரியானது. வியாபாரப் படிப்பையும், டிஜிட்டல் டிசைன் என்று சொல்லப்படுகிற கணினி வடிவமைப்புப் படிப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் பட்டத்தை நம் பிள்ளைகள் படிக்கலாமா, வேண்டாமா என்பதே கேள்வி. கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டிருந்தால் நமக்குச் சுலபமாயிருந்திருக்கும். இது பிள்ளைகளின் வயிற்றையும் பெற்றோர்களின் கடனையும் பற்றிய காரியமானதால் சற்று நிதானித்தே பேச வேண்டியிருக்கிறது. நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கேட்டு, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசைன் என்றால் என்ன?

டிசைன் என்றால் சேலைக் கரையில் பூப்போடுவது, கலியாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் போடுவது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அலங்காரம் என்று பெயர். டிசைன் என்பது, ஒரு பொருளை உபயோகிக்கப்போகிற மனிதனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதற்குத் தக்கபடி அப்பொருளின் உருவத்தைத் தீர்மானிப்பதாகும்.

1958ஆம் வருஷத்தில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகள், இந்த நாட்டில் டிசைன் படிப்பு எப்படி அமையவேண்டும் என்பதாக இந்திய சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தத் தேசமெல்லாம் சுற்றிப் பார்த்த அவர்கள் அந்த அறிக்கையில் எதை எல்லாவற்றிலும் மேலாக மெச்சினார்கள் தெரியுமா? நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பைத்தான் மெச்சினார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கவேண்டும், பிடிக்கிற கை எவ்வளவு பெரியது, இடுப்பிலோ தலையிலோ வைத்தால் நிற்குமா, சாய்த்தால் சிந்தாமல் ஊற்றுமா, உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா, செய்ய என்ன செலவாகும், எத்தனை நாள் உழைக்கும் என்கிற இத்தனை கேள்விகளுக்கும் ஒரு செம்பு பதில் சொல்லுகிறது என்றார்கள். அதை எந்தத் தனி மனிதனும் ஒரே நாளில் உண்டாக்கிவிடவில்லை, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் யோசித்து யோசித்துத் திருத்தியது என்றும் எழுதினார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகு 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஏற்பட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிடிக்கிற கையைப் பற்றிய கேள்வியோடு கூடவே செலவைப் பற்றிய கேள்வியும் வந்துவிட்டது. முன்னது டிசைன், பின்னது வியாபாரம். செம்பில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில்தான் அவை பிரிந்துபோயின.

இனி டிஜிட்டல் என்பது என்ன? முன்பு செம்பு, கலப்பை, வண்டி இவற்றின் உருவத்தை யோசித்த மாதிரி, இன்று கைப்பேசித் திரையில் வருகிற உருவத்தை யோசிக்கவேண்டியிருக்கிறது. ரயில் டிக்கெட், பாங்குப் பணம், கரண்டு பில், பிள்ளையின் பரீட்சை முடிவு எல்லாம் இன்று அந்தச் சாண் அளவுத் திரைக்குள் வந்துவிட்டன. அந்தத் திரையில் எந்த எழுத்து பெரிதாக இருக்கவேண்டும், எந்தப் பொத்தான் முதலில் வரவேண்டும், தவறாக அமுக்கிவிட்டால் திரும்பிவர வழி என்ன என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். அவர் பெரும்பாலும் பட்டணத்தில் பிறந்து, இங்கிலீஷில் படித்து, பென்னாகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவராயிருப்பார்.

2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் 100க்கு 80.09 பேர். தருமபுரி மாவட்டத்திலோ 68.54 பேர்தான். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம் நமக்கு. அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு பாட்டி, தன் கணக்கில் வந்த நூறு நாள் வேலைக் கூலியைத் தெரிந்துகொள்ளப் பேரனையோ, கடைக்காரனையோ கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றால், அதைப் பாட்டியின் அறியாமை என்று மாத்திரம் சொல்லிவிட முடியுமா? அவளுக்குப் புரியாதபடி திரையை அமைத்தவரின் அறியாமை என்றும் சொல்லவேண்டும் அல்லவா? ஆகவே இந்தப் படிப்பு பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகமாயுள்ள ஊருக்குத்தான் இது முதலில் வேண்டியது என்று நாம் பதில் சொல்லுவோம்.

பிரித்து வைத்தது எது?

நிற்க, இந்த இரண்டு படிப்பையும் ஏன் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதற்கு வருவோம். வர்ணாசிரம தர்மத்தின்படி செய்கிறவன் ஒரு ஜாதி, விற்கிறவன் வேறு ஜாதி, இரண்டு பேருக்கும் தர்மம் சொல்லுகிறவன் இன்னொரு ஜாதி. மண்ணைப் பிசைகிறவனும், தறியில் உட்காருகிறவனும், தோலைத் தைக்கிறவனும் கணக்குப் பார்க்கக்கூடாது. கணக்குப் பார்க்கிறவன் கையில் சேறு படக்கூடாது. தர்மம் சொல்லுகிறவனுக்கோ சேறும் இல்லை, கணக்கும் இல்லை, தட்சணை மாத்திரம் உண்டு. இந்த ஏற்பாட்டினால் செய்கிறவனுக்குத் தன் சரக்கின் விலை தெரியாமல் போயிற்று. விற்கிறவனுக்குச் சரக்கின் அருமை தெரியாமல் போயிற்று.

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்துபோகும் காலத்தில், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று குடியானவன் செடியிலேயே விட்டுவிடுகிறான், அல்லது ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறான். அதே தக்காளி சாஸாகிச் சீசாவில் ஏறி, ஒரு பெயரையும் ஒரு படத்தையும் ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தால், அதன் விலை அந்த மாதிரி விழுகிறதா? பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் புளி, காரிமங்கலத்து மாம்பழம், நம் கேழ்வரகு, சேலத்துச் சேகோ ஆலைக்குப் போகிற மரவள்ளிக் கிழங்கு, தருமபுரி அங்காடியில் ஏலத்துக்கு வருகிற பட்டுக்கூடு எல்லாம் இந்த மண்ணில் விளைகின்றன. ஆனால் பெயர் போடுகிற இடமும், விலை போடுகிற இடமும் வேறெங்கோ இருக்கின்றன. நம் பிள்ளைகளும் அந்தச் சரக்கைப் போலவே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டிப் போகிறார்கள்.

டிசைன் படித்தவர் ஒருவர் வந்துவிட்டால் மறுநாளே தக்காளி விலை ஏறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கிடங்கு வேண்டும், முதல் வேண்டும், கூட்டுறவு வேண்டும். ஆனால் இவையெல்லாம் வந்த பிறகும், சரக்கை யாருக்கு, என்ன உருவத்தில், என்ன விலைக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்த நம் பிள்ளை ஒருவர் இல்லாவிட்டால், கிடங்கும் இன்னொருவருக்குத்தான் உபயோகப்படும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்?

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. ஈரோட்டில் மண்டி வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, பிறகு பத்திரிகையும் அச்சாபீசும் நடத்திய பெரியார், 1935 ஜனவரியில் ‘குடி அரசு’ பத்திரிகையில் தமிழ் எழுத்துக்களில் சிலவற்றை மாற்றி அச்சடிக்க ஆரம்பித்தார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துக்களுக்கு அதற்குமுன் மற்றவற்றோடு ஒட்டாத தனித்தனி உருவங்கள் இருந்தன. கா, சா என்பதற்கு ஒரு கால் போட்டால் போதுமென்றால் ணாவுக்கு மாத்திரம் ஏன் கொக்கி, கை என்பதற்கு ஒரு குறி போதுமென்றால் லைக்கு மாத்திரம் ஏன் தும்பிக்கை என்று கேட்டார். பிள்ளைகள் படிக்க இலகு, அச்சுக்கோப்பவருக்கு அச்சு குறைவு, டைப் இயந்திரத்துக்குச் சௌகரியம் என்பவையே காரணம். எழுத்து தெய்வீகமானது, அதில் கை வைக்கலாமா என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. கடைசியில் 1978இல் தமிழ்நாடு சர்க்கார் அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் கைப்பேசியில் வருகிற தமிழ் அந்த உருவத்தில்தான் வருகிறது. இது டிசைனா, வியாபாரமா? இரண்டும்தான். படிக்கிறவனின் கண்ணையும் அச்சாபீசின் செலவையும் ஒரே மூளை யோசித்ததால் வந்த பலன் அது. உங்களில் பலர் வாங்கப்போகிற பட்டத்தின் தலைப்பில் பெரியார் பல்கலைக்கழகம் என்று இருக்கப்போகிறது. பெயருக்குத் தக்கபடி இந்த யோசனையும் கூட வரவேண்டாமா?

இன்னும் கிட்டத்தில் ஓர் அத்தாட்சி வேண்டுமானால் அரூருக்கு அப்பால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே 1993இல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா என்ற தம்பதிகள் பழங்குடி மக்களுக்காக ஒரு வைத்தியசாலை தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் வசிக்கும் தாண்டாக்கள் உண்டு. லம்பாடிப் பெண்களின் ஊசித் தையல் வேலை பேர்போனது. ஆனாலும் அங்கே அது மறந்துபோய், வயதான ஓரிரு பெண்களின் விரல்களில் மாத்திரம் மிச்சமிருந்தது. அவர்களைக் கொண்டே இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, 2006 வாக்கில் ‘போர்கை’ என்ற பெயரில் ஒரு கூட்டமாகச் சேர்ந்தார்கள். பழைய தையலை இக்காலத்தார் உடுத்தும் துணியிலும் பையிலும் போட்டு, விலை கட்டி, வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள். லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமை, தன்மானம் என்று அர்த்தமாம். சுயமரியாதை என்று நாம் சொல்லுவதைத்தான் அந்தப் பெண்கள் தங்கள் கடைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். எந்த ஜோசியன் இதைவிட நல்ல பெயர் வைத்துக் கொடுத்துவிடுவான்?

மகளிர் சுய உதவிக் குழுக்களும் தமிழ்நாட்டில் சர்க்கார் திட்டமாக 1989இல் முதன்முதல் ஆரம்பமானது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் கடன் கணக்கு வைத்துக்கொள்ளப் பழகினார்கள். ஊறுகாய், சிறுதானிய மாவு, கூடை என்று எத்தனையோ செய்கிறார்கள். செய்த பண்டம் அருமையாயிருக்கிறது. ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்தால் என்ன சரக்கு, எந்த ஊர், எத்தனை நாள் தாங்கும் என்று ஒன்றும் விளங்குவதில்லை. தாய் கணக்குப் படித்தாள். மகள் அந்தக் கணக்கோடு டிசைனையும் படித்துவிட்டு வந்து, தாயின் பண்டத்தைத் திரையில் ஏற்றி, நடுவில் தரகன் இல்லாமல் விற்கட்டுமே என்பதுதான் நாம் சொல்லுவது.

ஆட்சேபனைகள்

இனிப் பெற்றோர்கள் சொல்லும் ஆட்சேபனைகளைப் பார்ப்போம்.

முதலாவது, வரைவது பிறவியிலேயே வரவேண்டும், சரஸ்வதி கடாட்சம் வேண்டும், எங்கள் குலத்தில் யாருக்கும் அது கிடையாது என்பது. தோழர்களே! சைக்கிள் ஓட்டுவதற்கு எந்தத் தேவியின் கடாட்சம் வேண்டியிருந்தது? விழுந்து எழுந்து பழகினோம். வரைவதும் அப்படியே. வாசலில் கணக்காகப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பெண்ணுக்கு வரையத் தெரியாது என்று யார் சொன்னது? அதற்கும் மேலே, இந்தப் படிப்பில் கையைவிடக் கண்ணும் காதும்தான் அதிகமாக வேலை செய்யவேண்டும். மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிக்கிறவனே நல்ல டிசைனர் ஆவான்.

இரண்டாவது, இப்போது செயற்கை அறிவு இயந்திரம் ஒரு நிமிஷத்தில் படம் போட்டுவிடுகிறதே, இனி இந்தப் படிப்பு எதற்கு என்பது. இது நியாயமான கேள்விதான். சொன்னதை வரைகிற வேலையை மாத்திரம் கற்றவனுக்கு ஆபத்து உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எதை வரையச் சொல்லுவது, யாருக்காக, ஏன், என்ன செலவில் என்று தீர்மானிப்பது இயந்திரத்தின் வேலையல்ல. பென்னாகரம் சந்தையில் நின்று ஒரு கிழவி ஏன் திரையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று கேட்டு வருவது மனிதனுடைய வேலை. வியாபாரமும் டிசைனும் சேர்ந்த படிப்பின் அவசியம் இந்த இயந்திரம் வந்த பிறகு கூடியிருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம்.

மூன்றாவது, பணம். இதுதான் உண்மையான ஆட்சேபனை. பெரிய நிறுவனங்களில் இந்தப் படிப்புக்குச் சில வருஷங்களில் பல லட்சம் செலவாகிறது. கடன் வாங்கிப் படித்துவிட்டு, கடனைக் கட்டுவதற்காகவே எந்த வேலைக்கும் தலையாட்டும் அடிமையாகப் பிள்ளை மாறுவதில் நமக்குச் சம்மதமில்லை.

வழி என்ன?

ஆகவே குறைந்த செலவு வழியை முதலில் சொல்லுகிறோம். நம் மாவட்டத்தில் 1965 முதல் தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பிறகு வேறு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் வந்திருக்கின்றன. அவற்றில் வணிகவியலோ, வணிக நிர்வாகமோ, கணினியோ ஒன்றை எடுத்துப் படியுங்கள். கூடவே, சர்க்கார் 2017இல் ஆரம்பித்த ஸ்வயம் போன்ற இணையப் பாடங்களில் டிசைனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் ஆரம்பிக்கப்பட்டன. அந்தப் பணம் பெண்ணின் படிப்புக்கு வந்த பணம், அதை அவள் கலியாணச் சீட்டில் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வருஷப் பட்டம் முடித்தவர், எந்தப் பாடமானாலும், ஐ.ஐ.டி.களில் டிசைன் முதுகலை படிப்பதற்கான சீட் என்ற பரீட்சையை எழுதலாம். அதற்கு வயது வரம்பும் இல்லை. வியாபாரம் படித்தவன் அதில் தேறினால், இரண்டு படிப்பும் ஒரே தலையில் சேர்ந்துவிடுகின்றன. பன்னிரண்டாவது முடித்தவுடனே போக நினைக்கிறவர்களுக்கு யூசீட் என்ற பரீட்சை உண்டு. கலைப் பிரிவில் படித்தவரும் அதை எழுதி பம்பாய் ஐ.ஐ.டி.யில் சேரலாம். சென்னை தரமணியில் 1995 முதல் நிப்ட் என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. ஆமதாபாத் நிறுவனமோ டிசைனையும் நிர்வாகத்தையும் இணைத்தே ஒரு முதுகலைப் படிப்பு வைத்திருக்கிறது. மத்திய சர்க்கார் கல்வி ஸ்தாபனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 100க்கு 27 இடம் என்று 2006இல் சட்டம் வந்தது. 2008இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. போராடிப் பெற்ற இடங்கள் நாம் விண்ணப்பம் போடாததால் வீணாகக்கூடாது.

ஆனால் சீட், யூசீட் இரண்டு பரீட்சைகளின் கேள்வித்தாளும் இங்கிலீஷில்தான் இருக்கின்றன. கண்ணையும் கவனத்தையும் சோதிக்கும் பரீட்சைக்கு இங்கிலீஷ் எதற்கு? செம்பைச் செய்தவனுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்ததா? தமிழிலும் கேள்வித்தாள் வேண்டும் என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. டிஜிட்டல் என்ற வார்த்தை இன்று சந்தையில் விலை போவதால், அந்த வார்த்தையை வாசலில் எழுதிவைத்துப் பணம் பிடுங்குகிற கடைகளும் உண்டு. சேருவதற்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது? 2024-25 முதல் வணிக நிர்வாக இளநிலைப் பட்டமும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டதே, அதன் அனுமதி எங்கே? கற்றுக்கொடுப்பவர்கள் எந்த வேலையைச் செய்தவர்கள்? முன் படித்தவர்கள் செய்த காரியங்களைக் காட்டமுடியுமா? இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல் கட்டடத்தையும் குளிரூட்டும் இயந்திரத்தையும் காட்டினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

புதுப் புரோகிதம்

கடைசியாக, படித்து முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் மனிதனை ஏமாற்றுவதற்கும் டிசைனைத்தான் உபயோகிக்கிறார்கள். ‘இன்னும் ஒரு நிமிஷந்தான், ஒரே ஒரு சரக்குத்தான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத சாமானைக் கூடையில் நைசாகச் சேர்த்துவிடுவது, சேரும் வழியைப் பெரிதாகவும் விலகும் வழியைக் கண்ணுக்குத் தெரியாமலும் வைப்பது, வேண்டாம் என்று சொல்லுகிறவனை வெட்கப்படும்படி செய்வது என்று இப்படி 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. இந்தத் தந்திரங்களைக் கேட்டால் உங்களுக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லையா? முகூர்த்தம் தவறிவிடும் என்று அவசரப்படுத்துவதும், செய்யாவிட்டால் பாவம் என்று பயமுறுத்துவதும், ஒரு சடங்கோடு ஒன்பது சடங்கைச் சேர்த்துக் கட்டணம் வாங்குவதும் நாம் வெகுகாலமாகக் கண்டதுதானே? பழைய புரோகிதம் பஞ்சாங்கத்தில் இருந்தது. புதுப் புரோகிதம் பொத்தானில் இருக்கிறது. கடையின் பெயரை எண் ஜோசியம் பார்த்து எழுத்துக்கூட்டி வைப்பதும், முத்திரையின் நிறத்தை ராசி பார்த்துத் தீர்மானிப்பதும் படித்தவர்களிடத்திலேயே இன்னும் நடக்கிறது. பட்டம் வாங்கிவிட்டு அதையே நீங்களும் செய்வதானால், அந்தப் படிப்பினால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே தோழர்களே! நம் மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் வியாபாரமும் டிசைனும் இணைந்த பட்டம், தமிழிலும் படிக்கத் தக்கதாக, ஏழைகள் கட்டத் தக்க கட்டணத்தில் வேண்டும் என்று ஊருக்கு ஊர் தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்புங்கள். அது வரும்வரை காத்திருக்காமல், இப்போது படிக்கிற ஒவ்வொரு மாணவரும் இந்த வருஷத்திலேயே தன் ஊரில் உள்ள ஒரு குழுவின் பண்டத்துக்கு விளங்கும்படியான சீட்டு ஒன்றையோ, ஒரு குடியானவருக்குப் புரியும்படியான விலைப் பட்டியல் ஒன்றையோ செய்து பாருங்கள். அதை அவர்களிடமே காட்டி, விளங்குகிறதா என்று கேளுங்கள். விளங்கவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்லாமல் உங்கள் சீட்டைத் திருத்துங்கள். அதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம்.

செய்கிறவனே கணக்கும் அறிந்து, கணக்கு அறிந்தவனே செய்கிறவனுமாகிவிட்டால், நடுவில் நின்று தின்கிறவனுக்கு இடமில்லாமல் போய்விடும். அந்த நாளை உங்கள் பிள்ளைகள் காணவேண்டும் என்று சொல்லி இவ்வளவோடு முடித்துக்கொள்கிறோம்.